அமுதம் பிடித்த ஆன்டெனா

நெரவியிலிருந்து திருமலைராயன்பட்டினத்துக்கு வாழ்க்கைப்பட்டவள் அமுதம். பஸ்ஸில் ஏறி உட்காருவதற்குள் அப்பா வீடு வந்துவிடும். ஆனால் புருஷன் இல்லாமல் மருமகள் வாசற்படி தாண்டுவது மாமியார் அஞ்சுகத்துக்கு ஆகாது. புருஷன் பூமிநாதனுக்கோ காரைக்கால் ரைஸ்மில்லில் ஞாயிறு மட்டுந்தான் லீவு. அந்த ஒரு ஞாயிற்றையும் டிவி விழுங்கிக்கொண்டது.

எண்பத்தைந்து வாக்கில் பூமிநாதனின் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த சின்ன போர்ட்டபிள் டிவி அது. அதன் தலையில் இழுத்து நீட்டுகிற கம்பி ஒன்று. கம்பியைக் கையால் பிடித்தால் படம் தெளியும், விட்டால் புள்ளி புள்ளியாகக் கொட்டும். முதல் நாள் அமுதம் தற்செயலாகத்தான் பிடித்தாள். "எம் மருமவ கை பட்டாத்தான் ஓடுது!" என்று அஞ்சுகம் தெருவுக்கே சொல்லிவிட்டாள். பாராட்டா அது? விலங்கு! ஞாயிறு சாயங்காலம் தெருவே கூடத்தில் உட்கார்ந்து படம் பார்க்கும். அவள் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு டிவிக்குப் பக்கவாட்டில் நிற்பாள். அங்கிருந்து படம் தெரியாது. பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பதுதான் தெரியும்.

நெரவியில் அப்பா மருதையன் ஒரு பக்கம் கைகால் விழுந்து படுத்திருந்தார். பார்த்துவிட்டு வரலாம் என்று வாராவாரம் கெஞ்சினாள்.

"நீ போயிட்டா கம்பிய யாரு புடிக்கிறது?" என்பான் பூமிநாதன். சிரித்துக்கொண்டேதான் சொல்வான். அந்தச் சிரிப்பைக் கண்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு ஞாயிறு கொல்லையில் பாத்திரம் கழுவிவிட்டு ஈரக்காலோடு வந்து பிடித்தபோது கம்பியில் சுரீரென்று ஷாக் அடித்தது. கையை உதறிக்கொண்டு சுவரோரம் விழுந்தாள். "அய்யய்யோ, படம் போச்சே!" என்றது கூட்டம்.

மறுநாள் ரேடியோ ரிப்பேர் பார்க்கும் முகம்மது இப்ராஹிமுக்கு அவளே ஆள் அனுப்பினாள்.

"ஈரக்காலோட வெறுந்தரையில நின்னா புடிச்சீங்க? ஏதோ நல்ல நேரம், பொழச்சீங்க" என்றார் அவர்.

வீட்டுக் கரண்ட்டே வேண்டாமென்று பேட்டரியில் டிவியை ஓட வைத்தார். கொல்லையில், சாய்ந்து விழுந்தாலும் கரண்ட் கம்பியில் படாத தூரமாகப் பார்த்துக் குழாய் நட்டு, அதன் உச்சியில் ஆன்டெனா கட்டினார். இடி மின்னல் வந்தால் ஒயரை உருவிவிடச் சொன்னார். படம் பளிச்சென்று வந்தது. இனி யாரும் கம்பி பிடிக்க வேண்டியதில்லை என்று அமுதத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அந்த ஞாயிறு புடவை மாற்றி, அப்பாவுக்குச் சாத்துக்குடி போட்ட பையோடு கூடத்துக்கு வந்தாள். "கெளம்புவோமாங்க?"

பூமிநாதன் கண்ணை எடுக்கவில்லை. "இப்பத்தான் படம் நல்லாத் தெரியுது. அடுத்த வாரம் போவோம். சித்த தள்ளு, மறைக்குது."

அமுதம் தள்ளி நின்றாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். அவள் போனதை ஒருவரும் கவனிக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தனியாகப் பஸ் ஏறினாள்.

மருதையன் வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தார். "மாப்ள வரலியாம்மா?" நாக்குக் குழறியது.

"டிவி பாக்குறாருப்பா."

"அப்படியா? படம் நல்லாத் தெரியுதா?"

"நல்லாத் தெரியுதுப்பா" என்றாள். கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு குமுறிக் குமுறி அழுதாள்.