சவிரி அண்ணையின் வள்ளம் கிரேக்கத்துக்குப் போன கதை

படப்பிடிப்புக்குச் சாமான் பிடித்துக் கொடுக்கிற தொழிலில் முதல் பாடம்: எதைக் கேட்டாலும் "ஓம், இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பிறகுதான் தேடி ஓட வேண்டும். ஊர்காவற்றுறைத் துறையில் மீன்பெட்டி தூக்கி, ஏச்சு வாங்கி, திருப்பி ஏசப் பழகி வந்தவள் நான். இதே தொழிலில் வேகிற உங்களுக்கு நான் சொல்லப்போவது விளங்கும்.

கிரேக்கக் கப்பல்

"அக்கா, பழைய காலத்துக் கிரேக்கக் கப்பல் ஒண்டு வேணும். வெள்ளிக்கிழமைக்கு" என்றார் இயக்குநர் தம்பி. கிரேக்கக் காவியம் ஒன்றைத் தழுவிய பகிடிப்படமாம். போர் முடிந்து வீட்டுக்குப் புறப்பட்ட வீரன் கடலில் பத்து வருஷம் அலைகிறான். கதையைக் கேட்டதும் எனக்குப் புல்லரித்துவிட்டது. "ஓம், இருக்கு!" என்றேன்.

எங்கள் துறையில் மீன்பிடிக்கிற சவிரி அண்ணையின் மர வள்ளத்தைப் பிடித்தேன். இஞ்சினைக் கழற்றினார், தண்டு வலிக்க ஆறு பேரையும் கூட்டி வந்தார். ஆனால் முன்னுக்கு எழுதியிருந்த அந்தோனியார் பெயரை அழிக்க விடவில்லை. பங்குச் சுவாமியார் ஆசீர்வதித்த பெயர். ஒரு மணித்தியாலம் கத்திப் பேரம் பேசினோம். பெயரைச் சாக்கால் மூடலாம். வள்ளத்தில் கீறல் விழாது என்று நான் வாக்குக் கொடுக்க வேண்டும். கொடுத்தேன். அந்த வீட்டுக்குச் சோறு போடுவது அந்த ஒரு வள்ளம்தான். போகும்போது சொன்னார்: "சாக்கை இறுக்கிக் கட்டாதை பிள்ளை, அந்தோனியாருக்கு மூச்சு முட்டும்."

ஒற்றைக்கண் அரக்கன்

சாட்டிக் கடற்கரையில் அரக்கன் காட்சி. வீரன் அவனுடைய குகைக்குள் புகுந்து, கண்ணைக் குத்திவிட்டு, ஆடுகளோடு தப்ப வேண்டும். செம்மறி கேட்டார்கள், நாரந்தனையிலிருந்து பிலோமினா அக்காவின் வெள்ளாடுகளைக் கொண்டுவந்து இறக்கினேன். யாரோ மடையன் அரக்கனுக்கு, ஆடு விரும்பித் தின்கிற பூவரசங் குழையில் தாடி கட்டியிருந்தான். கிடாய் விடுமா? அரக்கன் ஓட, கிடாய் துரத்த, நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

பிலோமினா அக்கா மட்டும் சிரிக்கவில்லை. நேரே இயக்குநரிடம் போனார்: "அடுத்தவன்ரை பட்டிக்குள்ளை பூந்து ஆடு களவெடுக்கிறான், கண்ணையும் குத்துறான். அவன் கதாநாயகன், ஆட்டுக்காரன் அரக்கனோ தம்பி?"

வீடு தெரிகிற இடம்

கடைசி நாள். வீரனாக நடிப்பவர் பின்னேரமே புறப்பட வேண்டும். வீடு கண்ணுக்குத் தெரிகிற நேரம் காற்று வந்து வள்ளத்தைத் திரும்பக் கடலுக்கே இழுத்துப் போகிற காட்சி. இயக்குநர் ஒலிபெருக்கியில், "வழி தவறுங்கோ, வழி தவறுங்கோ!" என்று கத்துகிறார். மூன்று முறையும் வள்ளம் அம்பு போல நேரே கரைக்கு வந்தது. "கரை கண்ணுக்கு முன்னாலை கிடக்கு. பிறகு எப்பிடித் தம்பி தவறுறது?" என்றார் வள்ளத்தில் சுக்கான் பிடித்திருந்த சவிரி அண்ணை.

வள்ளம் நாலாம் முறை கடலுக்குப் போனதும், "இதுவும் சரிவராட்டில் கயிறு போட்டு இழுத்துப் பாறையிலை மோதுவம்" என்றார் இயக்குநர். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "அது என்ரை வாக்கு! தொட்டுப் பாரும்!" என்று குதித்தேன். மனுஷன் அசையவில்லை. அங்கே வள்ளம் மறுபடியும் கரைக்கே வருகிறது! ஒலிபெருக்கியைப் பறித்தேன். "சவிரி அண்ணை! உங்களுக்குப் பின்னாலை பாரைமீன் கூட்டம் பாயுது!"

வாய் மூடவில்லை, வள்ளம் திரும்பிவிட்டது. ஆறு தண்டும் பறந்தன. நடுவில் நின்ற வீரன் உண்மையாகவே அலறினார். கேட்ட காட்சி கிடைத்த சந்தோஷத்தில் இயக்குநர் மணலில் துள்ளினார்.

வலை இல்லை என்பது பாதி வழியில்தான் அவர்களுக்கு நினைவு வந்ததாம். ஒரு கீறலும் இல்லாமல் வள்ளம் திரும்பியது. ஏச்சு வாங்கத் தயாராக நின்றேன். சவிரி அண்ணையோ சிரித்தபடி இயக்குநரிடம் சொன்னார்: "உங்கடை கிரேக்கன் வழி தவறேல்லைத் தம்பி, ஒவ்வொருக்கா வீட்டை வரேக்கையும் பின்னாலை பாரை பாஞ்சிருக்கும்."

இந்தத் தொழிலில் என் கோபத்துக்கு ஒருவரும் அசைவதில்லை, என் பொய்க்குத்தான் ஊரே திரும்புகிறது.