ஏரம்புப் பரியாரியாரின் பிடிகாரன்

பதினெட்டு வருசமாகப் பஞ்சலிங்கத்துக்கு ஒரே மனக்குறை. முறிந்த கைகாலை இழுத்துப் பொருத்துகிற ஏரம்புப் பரியாரியாருக்கு ஊர் கும்பிடு போடும். இழுக்கும்போது ஆள் துள்ளாமல் அமத்திப் பிடிக்கிற அவனுக்குக் கிடைப்பதெல்லாம் திட்டு. "உவன்தான் என்னை நசிச்சவன்" என்று மானிப்பாய்ச் சந்தையில் கத்தரிக்காய் விற்கிறவள்கூட முகத்தைத் திருப்புவாள்.

இந்த வருசம் பரியாரியாரின் இழுவை கூடிக்கொண்டே போனது. ஆளோடு சேர்த்து அவனையும் இழுத்தது. கேட்டபோது அவர் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சீனி வருத்தமடா. விரல் மரத்துப்போச்சு. எலும்பு வந்து குந்துறது தெரியேல்லை. நீ முக்கிறதைப் பாத்துத்தான் நிப்பாட்டுறன்."

"அப்ப தொழிலை விடுங்கோவன்."

"விட்டுட்டு? கோழி மேய்க்கிறதோ? ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை."

மாடிக் கட்டடத்திலிருந்து விழுந்து கிடந்த தன்னை நடக்க வைத்த மனிசன். எப்படிச் சொல்வது?

ஆவணியில் அவன் மனிசி குணலட்சுமி குளியலறையில் வழுக்கி விழுந்தாள். மணிக்கட்டு வீங்கிவிட்டது.

"ஆஸ்பத்திரிக்குப் போவம்" என்றான்.

"உங்களுக்கென்ன விசரே? ஊரெல்லாம் பரியாரியாரிட்டை வருது. பிடிக்கிறவன்ரை பெண்சாதி ஆஸ்பத்திரிக்குப் போறதோ?"

காரணத்தைச் சொல்லாமலே பரியாரியார் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். வாங்கில் குந்தியிருந்த பத்துப்பேர் பார்த்திருக்க, அவளுடைய முழங்கையை அவனே பிடித்தான். ஏரம்பர் இழுத்தார். அவன் முக்கினான். சனத்தையே பார்த்துக்கொண்டிருந்த அவர் நிறுத்தவில்லை. இன்னும் பெலமாக முக்கிக் காட்டினான். இழுவை நிற்கவில்லை. அவள் முகம் வெளிறிவிட்டது.

பிடியை விட்டான். பரியாரியார் எண்ணெய்ச் சட்டியோடு மல்லாந்து விழுந்தார்.

"என்னடா செய்தனி?"

"இழுத்தது காணும்" என்று சொல்லிவிட்டு மனிசியை ஓட்டோவில் ஏற்றினான். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். எலும்பில் சின்ன வெடிப்புத்தான், இழுக்கத் தேவையே இல்லை என்று பிளாஸ்ரர் போட்டு அனுப்பினார்கள்.

எவர் வீட்டுக்கும் தேடிப்போகாத ஏரம்பர் அன்று பின்னேரம் சைக்கிளை உருட்டிக்கொண்டு அவன் படலையடிக்கு வந்தார். குணலட்சுமியின் கையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"நாளைக்குச் சாவகச்சேரியிலை இருந்து ஒரு தோள்மூட்டு வருது. பிடிக்க வேறை ஆள் பாத்திட்டன்."

"நல்லது" என்றான், நெஞ்சுப் பாரம் இறங்கினவனாக.

"நில்லடா. நீ இழு."

"எனக்கு உது தெரியாது, பரியாரியார்."

"இவ்வளவு காலம் பிடிச்சனி. எலும்பு வந்து குந்துறது உன்ரை கைக்குத் தெரியும். என்ரை கை உன்ரை கைக்கு மேலை இருக்கட்டும், சனம் அதைத்தான் பாக்கும். இதுதான் கடைசி, இனி உன்னட்டை ஒண்டும் கேக்கமாட்டன். விடிய வெள்ளெனவே வந்திடு."