செபமாலைக் கணக்கு

முன்பள்ளியின் வாணி விழா முடிந்து, என் ஐந்து வயது மகள் நெற்றியில் சந்தனப் பொட்டும் கையில் அவலுமாக வீட்டுக்கு வந்தாள். பரம்பரைக் கத்தோலிக்கரான எங்களின் விசுவாசமே ஆட்டம் கண்டுவிட்டதாக எனக்குக் கொதித்தது. பொட்டை அழித்தேன். அவலைப் பறித்து, வீணாக்கக் கூடாதென்று நானே தின்றேன். மறுநாளே அவளை முன்பள்ளிக்குப் போகாமல் மறித்துக் குசினிக் கதிரையில் இருத்தி, வேதத்தோடு படிப்பையும் நானே தொடங்கினேன். எண்ணப் பழக்க, பத்துப் பத்து மணியாகக் கோத்த செபமாலை இருந்தது.

ஒரு மாதம் போனது. களப்பிலிருந்து வந்த கணவர் ஒரு கூடை நண்டை முற்றத்தில் கொட்டி, "எண்ணுங்கோ செல்லம்" என்றார்.

மகள் பத்து வரை பிழையில்லாமல் எண்ணினாள். பிறகு கைகூப்பி, "பிதாவுக்கும் சுதனுக்கும்" என்று தொடங்கினாள். கணவர் தொப்பியைக் கழற்றினார். நானும் எழுந்து நின்றேன். செபம் முடிந்ததும் அவள் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். மூன்றாவது செபம் முடிவதற்குள் பாதி நண்டு வேலிக்கு அடியால் போய்விட்டது.

"பத்துக்குப் பிறகு பதினொண்டு எண்டு ஒண்டு இருக்கு, தெரியுமோ?" என்று கணவர் கேட்டார், மகளையல்ல, என்னைப் பார்த்து.

அடுத்த திங்கள் அவளைத் திரும்பவும் முன்பள்ளியில் விட்டேன். அடுத்த வாணி விழாவுக்கு அவலுக்குத் தேங்காய் துருவியது நான்தான்.

"சர்க்கரையைக் கொஞ்சம் கூடப் போடுங்கோ ரீச்சர்," என்றேன். "போனமுறை இனிப்புக் காணாது."