வெள்ளிக்கிழமைக் கிணறுகள்

அருந்ததிக்குக் கிணறு எட்டிப்பார்க்கிற விசர் என்று இணுவிலில் ஒரு கதை இருந்தது. கதை கட்டியவர்களைக் குறை சொல்ல ஏலாது. வெள்ளிக்கிழமை தவறாமல் ஒரு பெண் சைக்கிளில் வந்து இறங்கி, படலையைத் திறந்து உள்ளே வந்து, இரும்பு நாடாவில் வெண்கட்டியைப் பூசி, அதை உங்கள் கிணற்றுக்குள் இறக்கி, எந்த அடியில் நனைந்திருக்கிறது என்று கொப்பியில் எழுதிக்கொண்டு போனால் நீங்கள் மட்டும் வேறு என்ன சொல்லியிருப்பீர்கள்?

அவள் பேராதனையில் புவிச்சரிதவியல் படித்தவள். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில், மேற்படிப்பை நடுவில் விட்டுவிட்டு, ஒரு தோள்பையோடு ஊர் வந்து சேர்ந்தாள். திரும்பிப் போகவில்லை. போகச் சொல்லத் தாய் நாகேஸ்வரிக்கும் மனம் வரவில்லை. சுன்னாகத்தில் ஒரு டியூட்டரியில் விஞ்ஞானம் படிப்பித்தாள். ஆனால் படித்த படிப்பு சும்மா இருக்க விடுமா? எங்கள் குடாநாட்டுக்கு ஆறு கிடையாது. பெய்கிற மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தேங்குகிறதே, அதுதான் எங்கள் முழுச் சொத்தும். அது கூடுகிறதா குறைகிறதா என்று ஒருவராவது பார்க்க வேண்டாமா என்று அவளுக்குக் கோபம் வந்தது. ஒருவரும் பார்க்காததால் தானே அளக்கத் தொடங்கினாள்.

அதற்கு வெள்ளிக்கிழமையைப் பிடித்ததற்குக் காரணம் உண்டு. அன்றைக்குத்தான் டியூட்டரி லீவு. அதோடு, குடிக்கிற கிணற்றுக்குள் கண்டவர்களும் எதையும் இறக்க எங்கள் சனம் விடாது. வெள்ளியென்றால் பிள்ளை முழுகி, திருநீறு பூசி, மச்ச மாமிசம் தொடாமல் வரும் என்ற நம்பிக்கையில்தான் படலைகள் திறந்தன. இணுவிலில் இருந்து கீரிமலை வரை நாற்பத்திரண்டு கிணறுகள். தொண்ணூறில் கீரிமலைப் பக்கம் ஆமியிடம் போக, முப்பத்தொன்று மிஞ்சியது.

இதே காலத்தில் யாழ்ப்பாணக் கம்பஸில் வேறொரு கூத்து நடந்தது. சூழலியலும் புவிச்சரிதவியலும் படிப்பிக்க ஒரு விரிவுரையாளரைத் தேடித் துறைத்தலைவர் சோமசேகரம் இரண்டு வருடமாக அலைந்தார். ஒருவர் விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு, நேர்முகத்துக்கு முன்பே கனடா போய்விட்டார். கொழும்பில் இருந்த இன்னொருவர், யாழ்ப்பாணத்துக்குக் கரண்ட் வந்ததும் வருகிறேன் என்று எழுதினார். அதற்குள் நான் பென்சன் எடுத்துவிடுவேன் என்று சோமசேகரம் பதில் போட்டார். வகுப்பில் பதினெட்டுப் பிள்ளைகள் வாத்தியார் இல்லாமல் குந்தியிருந்தார்கள், பாவங்கள்.

யாரோ சொல்லக் கேட்டு, தொண்ணூற்றிரண்டில் ஒரு பின்னேரம் சோமசேகரம் இணுவிலுக்குச் சைக்கிள் மிதித்து வந்தார். நாகேஸ்வரி பனங்கட்டியோடு கொடுத்த தேத்தண்ணி ஆற ஆற, ஒன்பது வருடக் கொப்பிகளையும் ஒன்றும் விடாமல் புரட்டினார்.

"எழுபதுகளிலை அரசாங்கம் அளந்ததை விட ஒரு அடி இறங்கியிருக்குது எண்டு எழுதியிருக்கிறீர். உண்மையோ?"

"ஓம் சேர். எல்லாக் கிணத்திலையும் அப்பிடித்தான்."

"அப்ப உடனை அப்பிளிகேசனைப் போடும். நான் இன்டர்வியூ போர்ட்டிலை உந்த ஒரு அடியைத்தான் காட்டப்போறன்."

இரண்டு பேருக்கும் அதுதான் கடைசிச் சந்தர்ப்பம். இந்த முறையும் நிரப்பாவிட்டால் அந்தப் பதவியையே எடுத்துவிடுவோம் என்று மேலிடத்தில் இருந்து கடிதம் வந்திருந்தது. அருந்ததிக்குத் தை பிறந்தால் முப்பத்தைந்து. அத்தோடு வயதெல்லை தாண்டிவிடும்.

நேர்முகத்துக்குப் புதன்கிழமை குறித்தார்கள். அதற்கு முந்திய வெள்ளி விடியற்காலையிலேயே குண்டு போடுகிற பொம்மர் வானத்தில் சுற்றத் தொடங்கியதால் அவள் பங்கருக்குள் இருந்துவிட்டாள். விட்டதைப் பிடிக்கத் திங்கட்கிழமை போனாள். முதல் கிணற்றில் தண்ணீர் ஏறத்தாழ ஒரு அடி உயர்ந்திருந்தது. நாடாவைத் துடைத்து மறுபடி இறக்கினாள். அதே கணக்கு. இரண்டாவது கிணற்றிலும் மூன்றாவதிலும் அதே கதைதான். இத்தனைக்கும் மழை ஒரு துளி இல்லை. சுன்னாகத்தில் செல்வநாயகி என்ற பெண் கிணற்றடியில் சட்டி மினுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உங்கடை கிணத்துக்கு என்ன நடந்தது? தண்ணி ஏறிக் கிடக்குது!"

"இதென்ன கேள்வி பிள்ளை? இண்டைக்குத் திங்கள் எல்லே! வெள்ளியெண்டால் விடியப்புறம் எழும்பி, வீடு வாசல் எல்லாம் கழுவி, ஆறு பேரும் தலைமுழுகி, அள்ளி அள்ளிக் கை கழண்டுபோகும். நீர் வாற நேரம் கிணறும் களைச்சுப்போய்க் கிடக்கும்."

அருந்ததி கிணற்றுக்கட்டில் அப்படியே குந்திவிட்டாள். ஐயோ, இதைச் செல்வநாயகி சொல்லியா அறிய வேண்டும்! ஒன்பது வருடமாக, வெள்ளிதோறும் சைக்கிளை எடுக்க முன்னம், தன் வீட்டுக் கிணற்றில் நாற்பது வாளி அள்ளி வீடு கழுவியவள் அவள்தானே! எழுபதுகளில் அளந்த உத்தியோகத்தர்கள் கிழமை பார்த்து அளந்திருக்க மாட்டார்கள். இவள் மட்டும் ஊர் முழுவதும் கழுவி முடித்த நாளாகப் பார்த்து அளந்திருக்கிறாள். அந்த ஒரு அடித் தண்ணீர் எங்கேயும் போகவில்லை. வீட்டு நிலங்களிலும் பெண்களின் கூந்தலிலும் இருந்தது.

நாகேஸ்வரி விசயத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னாள். "வாயை மூடிக்கொண்டு போ. அங்கை இருக்கிறது முழுக்க ஆம்பிளையள். ஒருத்தராவது வீடு கழுவியிருப்பினமே? ஆருக்குத் தெரியப்போகுது?"

தாய் சொன்னது முழு உண்மை. அதுதான் அருந்ததியைச் செவ்வாய் முழுவதும் சாப்பிட விடாமல் செய்தது.

புதன்கிழமை கேள்வி கேட்க ஐந்து பேர் இருந்தார்கள். சோமசேகரம் பெருமையோடு அந்த ஒரு அடியை வாசித்துக் காட்டினார். பக்கத்தில் இருந்தவர் தில்லைநாதன், இளைப்பாறிய இரசாயனப் பேராசிரியர், நேர்முகத்துக்கு வருபவர்களை அழவைத்து அனுப்புகிறவர் என்று பேர்போனவர். "எப்பிடி அளந்தனீர்?" என்று கேட்டார்.

"வெண்கட்டி பூசின நாடாவாலை, சேர்." அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தத்தான் வந்திருந்தாள். ஆனால் வாய் கேட்கவில்லை. "ஆனால் அந்த ஒரு அடி பிழை, சேர்."

திங்கட்கிழமைக் கதையை ஒன்றும் விடாமல் சொன்னாள். சோமசேகரம் தலையைக் குனிந்துகொண்டார். அவரைப் பார்க்கத்தான் அவளுக்குத் தாங்கவில்லை. மனிதனுக்கு வேறு ஆள் இல்லையே.

"நீர் சொல்லாட்டில் எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது, என்ன?" என்றார் தில்லைநாதன்.

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது சேர். உங்கடை வீட்டு மனுசிமாருக்குத் தெரியும்."

மூலையில் இருந்த ஒருவர் களுக்கென்று சிரித்தார். தில்லைநாதன் சிரிக்கவில்லை. "அப்ப கிணத்தின்ரை உண்மையான மட்டம் என்ன?"

"இன்னும் தெரியாது சேர். மற்ற நாளிலையும் சனம் அள்ளுதுதானே. ஊர் முழுக்க ஒரு நாலு நாளைக்கு ஒருத்தரும் தண்ணி அள்ளாமல் விட்டால்தான் தெரியும்."

"நடக்கிற காரியத்தைச் சொல்லும்," என்று சொல்லி அவளை வெளியே இருக்கச் சொன்னார்.

அரைமணித்தியாலம் கழித்துச் சோமசேகரம் வந்தார். "என்னைச் சாகடிச்சுப்போட்டீர் அருந்ததி, உயிரோடை சாகடிச்சுப்போட்டீர்!" என்றார். பிறகு சால்வையால் முகத்தைத் துடைத்தார். "தன்ரை பிழையைத் தானே கண்டுபிடிச்சு, அதை இஞ்சை வந்து சொல்லுற ஆளை விட்டால் பிறகு ஆரைத் தேடப்போறாய் எண்டு தில்லைநாதன்தான் என்னை ஏசினவர். ஒண்டாம் திகதி வந்து கையெழுத்தைப் போடும்."

மூன்று வருடம் படிப்பித்தாள். பிள்ளைகளைக் கிழமைக்கு ஏழு நாளும் முறை வைத்துக் கிணறுகளுக்கு அனுப்பினாள். அவர்கள் அவளுக்கு 'வெள்ளி மிஸ்' என்று பட்டம் வைத்தார்கள். அது அவள் காதுக்கு எட்டியபோது சிரித்தாளே தவிர, ஏசவில்லை.

தொண்ணூற்றைந்து ஒக்டோபர் முடிவில், ஒரு திங்கட்கிழமை, ஆமி முன்னேறி வர, இணுவில் சுன்னாகம் உட்பட வலிகாமம் முழுவதும் மழையில் நனைந்துகொண்டு ஊரை விட்டு வெளிக்கிட்டது. அருந்ததியும் தாயும் சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினார்கள். அங்கே ஐந்நூறு பேருக்கு ஒரு கிணறு. வெள்ளிக்கிழமை காலை ஒரு வாளித் தண்ணீருக்காக வரிசையில் நின்றபோது, முன்னால் நின்றவள் திரும்பினாள். செல்வநாயகி!

"இண்டைக்கு வெள்ளி, பிள்ளை," என்றாள். "கலியாணம் கட்டின நாளிலையிருந்து நான் வீடு கழுவாத முதல் வெள்ளி இதுதான்."

அருந்ததி விரல் மடித்துப் பார்த்தாள். செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. நாலு நாள். இணுவிலிலும் சுன்னாகத்திலும் ஒரு வாளிகூட இறங்கவில்லை. நடக்காது என்று தில்லைநாதன் தள்ளிவிட்ட காரியம் நடந்துவிட்டது. முப்பத்தொரு கிணறுகளும் இந்த நேரம் தங்கள் உண்மையான மட்டத்தில் நிற்கும். நாடா அவளுடைய தோள்பைக்குள் கிடந்தது.

அவள் விம்மி அழுவதைக் கண்டு நாகேஸ்வரி பதறிப்போனாள். "என்னடி பிள்ளை, என்ன நடந்தது?"

"கிணறெல்லாம் நிரம்பியிருக்கும், அம்மா," என்றாள் அருந்ததி.