தொண்ணூற்றேழாம் பக்கத்தில் காளான்

சுகுமாறனுக்கு நாற்பத்து நான்கு வயது. மலேசியாவின் கிள்ளானில் ஏர்கோன் எனும் குளிர்சாதனப் பெட்டிகளைக் கழுவுகிற வேலை. ஒரு வேன், ஓர் ஏணி, தண்ணீர் பம்பு, முன் இருக்கையில் எப்போதும் ஒரு புத்தகம். எந்த மாதிரிப் புத்தகம் என்று கேட்டால் பதில் கிடைக்காது. துப்பறியும் கதை, சித்த மருத்துவம், யாரோ ஒரு யூனியன்காரரின் தன்வரலாறு, முப்பதே நாளில் தன்னம்பிக்கை, ஊறுகாய் வகைகள், தலையும் வாலும் புரியாத கவிதை. கையில் கிடைத்ததை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்துவிடுவார். பாதியில் வைப்பது, ஏர்கோன் மூடியைக் கழற்றிப் போட்டுவிட்டு வேலை செய்த வீட்டைவிட்டு வந்ததுபோல அவருக்கு உறுத்தும்.

சிக்கல் படித்த பிறகுதான். “எப்படி இருக்கு?” என்று மனைவி தாமரை கேட்டால், “இருக்கு” என்பார்.

“இருக்கறது எனக்கே தெரியுது, மேசை மேலதான கெடக்கு. நல்லா இருக்கா இல்லையா?”

அதைத்தான் அவரால் சொல்ல முடிந்ததில்லை. ஏர்கோன் என்றால் குளிர்கிறது அல்லது குளிரவில்லை. புத்தகம் அப்படியா?

இந்த லட்சணத்தில் அவர் ஒரு வாசகர் குழுவில் வேறு சேர்ந்திருந்தார். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில், மாதக் கடைசி ஞாயிறு காலையில் கூடுவார்கள். நடத்துகிறவர் பரமேஸ்வரன், வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் வேலை. அதனாலோ என்னவோ அவருடைய சட்டம் கறாரானது. பேச எழுந்தவர் முதலில் ‘பிடித்திருந்தது’ அல்லது ‘பிடிக்கவில்லை’ என்று சொல்லிவிட வேண்டும். காரணமெல்லாம் அதற்குப் பிறகு. இரண்டு வருடமாகப் போய்வரும் சுகுமாறன் அந்த மாடியில் இதுவரை சொன்ன கருத்து, “எனக்குச் சீனி கொஞ்சமா” என்பதுதான்.

இந்த மாதம் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் பரமேஸ்வரன் ஓர் அறிவிப்பு போட்டார். ‘சாமான் அறை’ நாவலைப் பேசப்போகிறோம், எழுதிய அமுதவள்ளி டீச்சரே காஜாங்கிலிருந்து வருகிறார். இரண்டாவது நாவல் எழுதுவதா, இதோடு நிறுத்திக்கொள்வதா என்று யோசிக்கிறாராம். நாம் சொல்வதைக் கேட்டுத்தான் முடிவெடுப்பாராம். ஆகவே தயவுசெய்து உண்மையைச் சொல்லுங்கள். கீழே பேசுகிறவர்கள் பெயர்: வாணி, சாதிக், சுகுமாறன்.

மூன்றாவது பெயரைச் சுகுமாறன் இன்னொரு தடவை படித்தார். ஓர் ஆசிரியை எழுதுவதும் எழுதாமல் போவதும் தன் வாயில் இருப்பதா? அந்த வாரத்துக்குள் நாவலை இரண்டு தடவை படித்தார்.

கதை எளிமையானதுதான். பூச்சோங் அடுக்குமாடி ஒன்றில் சாரதா என்ற பெண்ணின் கணவன் ஒருநாள் காணாமல் போகிறான். போலீஸ், பக்கத்து வீட்டுக்காரர்கள், சந்தேகம் எல்லாம் வருகின்றன. தொண்ணூற்றாறாம் பக்கத்தின் கடைசி வரியில் சாரதா சாமான் அறைக் கதவைத் திறக்கிறாள். அடுத்த பக்கம் இப்படித் தொடங்குகிறது: ‘இருட்டு முதல் தேவை. வைக்கோலை நன்றாக நனைத்துப் பிழிய வேண்டும். அறையில் ஈரம் எண்பது சதவிகிதத்துக்குக் குறையக் கூடாது. திறந்து பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும்.’

பதினாறு பக்கம் அப்படியே போகிறது. அதில் சாரதாவும் இல்லை, போலீசும் இல்லை, எதற்காக இதெல்லாம் என்ற விளக்கமும் இல்லை. ஈரம், இருட்டு, காத்திருப்பு, பதினெட்டாம் நாள் வெள்ளையாக ஏதோ தலைகாட்டுவது, அவ்வளவுதான். நூற்றுப் பதின்மூன்றாம் பக்கத்தில் சாரதா முகம் கழுவிக்கொண்டு காவல் நிலையத்துக்குக் கிளம்புகிறாள்.

முதல் தடவை சுகுமாறனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இரண்டாம் தடவை வேனுக்குள் உட்கார்ந்து படித்தபோது என்னவோ செய்தது. ஊரார் வீட்டு அறைகளிலிருந்து ஈரத்தை வெளியேற்றுவது அவர் பிழைப்பு. இங்கே ஒருத்தி அறைக்குள் ஈரத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள். துக்கத்தை இப்படியும் சொல்லலாமா? இதுதான் நவீன எழுத்தோ? கேட்டால் சிரிப்பார்களோ?

ஞாயிற்றுக்கிழமை முதலில் வாணி எழுந்தாள். மருந்துக்கடையில் வேலை செய்கிறவள், தன்னம்பிக்கை நூல்களில்தான் அவளுக்கு உயிர். “பிடிச்சிருந்தது. ஒரு பொம்பள தனியா நின்னு ஜெயிக்கறா. நடுவுல கொஞ்சம் ஆழமாப் போவுது, ஆனா ஓகே லா” என்று சொல்லி உட்கார்ந்தாள்.

அடுத்து சாதிக். தமிழ்நாட்டிலிருந்து வந்து கைப்பேசிக் கடையில் வேலை பார்க்கும் இளைஞன். “பிடிச்சிருந்துச்சு. ஆரம்பம் பட்டாசு, முடிவும் பட்டாசு.”

“நடுவுல?” என்றார் பரமேஸ்வரன்.

“நடுவுல பெரிய எழுத்து சார். எனக்கு அந்த அளவுக்குப் புரியல.”

அமுதவள்ளி டீச்சர் சின்னக் குறிப்பேட்டில் எதையோ எழுதிக்கொண்டார். சுகுமாறன் எழுந்தார். புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டார்.

“பிடிச்சிருந்தது டீச்சர். முழுக்க இல்ல. போலீசு வர்ற எடமெல்லாம் டிவியில பாத்த மாதிரிதான். ஆனா அந்தப் பதினாறு பக்கம்... அந்த வைக்கோலு, ஈரம்... அவ அழுதான்னு ஒரு வரி எழுதிட்டுப் போயிருக்கலாம். நீங்க எழுதல. எனக்கு ரெண்டு நாளா வேல ஓடல.”

டீச்சர் பேனாவை நிறுத்தினார். “எந்த வைக்கோலு?”

“சாமான் அறைக்குள்ள டீச்சர். தொண்ணூத்தேழுல.”

டீச்சர் அவர் கையிலிருந்த புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். ஒரு பக்கம் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு பக்கம் படித்தார். “இது காளான் வளக்கற பாடம்பா. நான் எழுதலயே!”

எல்லோரும் தத்தம் பிரதியைத் திறந்தார்கள். வாணியின் பிரதியில் காளான். சாதிக்கின் பிரதியில் காளான். பரமேஸ்வரனின் பிரதியிலும். சென்னையில் அச்சான இடத்தில் இரண்டு புத்தகத்தின் தாள்களை மாற்றிச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். ஒரே அளவு, ஒரே எழுத்து, பக்க எண்ணும் வரிசை பிசகவில்லை.

“வாணி, நீ ஆழம்னியே, அது இந்த வைக்கோலுதானா?” என்றான் சாதிக்.

“நீ மட்டும்? பெரிய எழுத்தாம்! வெதை போடற எழுத்து.”

“நான்தான் புரியலன்னு ஒத்துக்கிட்டேனே. எனக்குத்தான் மண்டை இல்லன்னு நெனச்சேன்.”

அதுதான் எல்லோருக்கும் நடந்திருந்தது. பரமேஸ்வரனும் மெதுவாகச் சொன்னார்: “நானும் அப்பிடித்தான். கேட்டா மானம் போயிடும்னு விட்டுட்டேன்.” சிரிப்பு கிளம்பியது. டீச்சர் சிரிக்கவில்லை என்பதை முதலில் பார்த்தவர் சுகுமாறன்.

“ஆறு மாசம் ஆச்சு புத்தகம் வந்து” என்றார் டீச்சர். “எம்பது பேராவது வாங்கியிருப்பாங்க. போன் பண்ணி அருமை, அருமைன்னாங்க. ஒருத்தர்கூட காளானப் பத்திச் சொல்லலியே. நானும் அட்டயத்தான் பாத்துக்கிட்டிருந்திருக்கேன். என் எழுத்துதான, உள்ள என்ன பாக்கறதுன்னு.” சுகுமாறன் பக்கம் திரும்பினார். “நீங்க ஒருத்தர்தான் படிச்சதச் சொன்னீங்க. அந்த எடத்துக்கு நான் எழுதின பக்கம் என் கம்பியூட்டர்ல இருக்கு. சாயங்காலம் அனுப்பறேன். படிச்சிட்டு நீங்க சொல்லுங்க. உங்க சொல்லுதான் எனக்குக் கணக்கு.”

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வேன் எடுப்பதில்லை. பக்கத்தில் தெரிந்தவர் ஒருவர் வீட்டு ஏர்கோனைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் கே.எல். சென்ட்ரலில் கிள்ளானுக்குக் கொமுட்டர் ரயில் ஏறியபோது கைப்பேசியில் பக்கங்கள் வந்துவிட்டன. நின்றுகொண்டே படித்தார்.

உண்மையான பக்கங்களில் சாரதா கதவைத் திறக்கிறாள், ஒரு பெட்டிக்கடியில் கணவன் எழுதிய கடிதம் கிடைக்கிறது. படித்து அழுகிறாள். பக்கத்து வீட்டு அம்மாள் வந்து தேற்றுகிறார். கடன், பயம், ஓட்டம் எல்லாம் வரிசையாக விளங்கிவிடுகின்றன. நன்றாகத்தான் எழுதியிருந்தது. பிழை சொல்ல ஓரிடமும் இல்லை. சுகுமாறனுக்குத்தான் உள்ளே எதுவும் அசையவில்லை.

அவருக்குத் தன்மீதே சந்தேகம் வந்தது. அப்படியானால் தனக்குப் பிடித்தது எது? நாவலா, புத்தகம் தைத்தவனின் தவறா? தனக்குப் படிக்கத் தெரியுமா, இல்லை காளான் பாடத்தைக் கவிதை என்று நினைக்கிற ஆளா? அதே வரிகளைக் காளான் என்று அட்டை போட்ட புத்தகத்தில் படித்திருந்தால் எதுவும் தோன்றாமலே படித்து முடித்திருப்பார். சாரதா கதவைத் திறந்ததால்தானே அந்த இருட்டு இருட்டானது? கதவைத் திறந்துவைத்தது டீச்சர்தானே? ரயில் சுபாங் ஜெயாவில் நின்றபோது சரி என்று பட்டது, ஷா ஆலாமில் சமாளிப்பாகத் தோன்றியது.

‘அருமை டீச்சர்’ என்று தட்டினார். எண்பது பேரோடு எண்பத்தோராவது ஆள். அழித்தார்.

கிள்ளான் நிலையத்தில் இறங்கி, கூட்டம் போகட்டும் என்று ஒதுங்கி நின்று, குரல்பதிவாகவே அனுப்பினார். “டீச்சர், நீங்க எழுதினதுல தப்பு ஒண்ணும் இல்ல. ஆனா எனக்குப் பிடிக்கல. கடுதாசி கெடச்சதும் எல்லாம் முடிஞ்சு போச்சு. முன்ன நான் படிச்சதுல கடுதாசி இல்ல. அவ உள்ள போனா, பதினெட்டு நாள் வெளிய வரல, வந்தப்ப வேற ஆளா இருந்தா. அந்த சாரதாவத்தான் எனக்குப் பிடிச்சது. அவ உங்க ஆளா, என் ஆளா, அச்சாபீஸ்காரன் ஆளான்னு எனக்குத் தெரியல. மன்னிச்சுக்குங்க.”

டீச்சர் கேட்டுவிட்டதற்கு அடையாளமாக நீலக் குறிகள் விழுந்தன. ஒரு மனுஷியின் எழுத்தை முடித்துவைத்துவிட்டோம் என்றே நினைத்தார்.

அழைப்பு வந்தது. எடுத்ததும் டீச்சர் கேட்டார்: “அந்தப் பதினெட்டு நாளும் உள்ள அவ என்ன பண்ணான்னு நெனச்சீங்க?”

“எனக்கே சரியாத் தெரியல டீச்சர்.”

“தெரியாததையே சொல்லுங்க. எழுதறதுக்குத்தான் பேனாவோட ஒக்காந்திருக்கேன்.”

சுகுமாறன் நடைமேடையில் காலியாகக் கிடந்த பெஞ்சைப் பார்த்து, ஏணிப் படியில் உட்காருகிற மாதிரி விளிம்பில் மட்டும் உட்கார்ந்தார். தாமரையிடம் ஒரு புத்தகத்தைப் பற்றி இரண்டு வார்த்தை பேசத் தெரியாத மனிதருக்கு எங்கே தொடங்குவது என்று புரியவில்லை. அந்தப் பக்கம் டீச்சர் அவசரப்படுத்தாததால், “மொதல்ல இருட்டு டீச்சர்” என்று தொடங்கினார்.