பளைக்கு அனுப்பின நாய்

நாய் வளக்கிறது லேசெண்டு ஆர் சொன்னதோ தெரியாது. சொன்ன ஆள் நாய் வளத்திருக்க மாட்டார். என்ர நாயைப் பற்றி எங்கட ஒழுங்கையில கேட்டுப் பாருங்கோ, ஆளுக்கொரு வழக்கு வைச்சிருப்பினம். கருவாடு காயப்போட்டால் களவெடுக்கும். மோட்டச்சைக்கிளைக் கண்டால் கலைச்சுக்கொண்டு ஓடும், சைக்கிளை விட்டிடும், ஏனெண்டு அதுக்குத்தான் தெரியும். கோயில் மணி அடிச்சால் தலையை மேல தூக்கி ஊளையிடும். கள்ளனுக்கு மட்டும் வாலை ஆட்டும். எங்கட தண்ணி மோட்டரைக் கழட்டிக்கொண்டு போனவனோட அது படலை மட்டும் கூடப் போய் வழியனுப்பி வைச்சிட்டு வந்ததை, முன்கடைக் கமராவில நாங்களே இருந்து பாத்தனாங்கள்.

திருநாளுக்கு வெடி கொளுத்தினால் கட்டிலுக்குக் கீழ போயிடும். அதில மட்டும் நான் அதைக் குறை சொல்லமாட்டன். வெடிச் சத்தத்துக்குக் குனியிறது எங்கட வீட்டில நாய் மட்டுமில்லை.

வவுனியாவில வேலை செய்யிற மகள்தான் அதைக் குட்டியாப் பையில போட்டு பஸ்ஸில கொண்டந்தவள். கொண்டந்து என்ர தலையில கட்டிப்போட்டு, இப்ப போனில நாய் வளக்கிறாள். "அம்மா, அதுக்குத் தனிமை. ஒவ்வொரு நாளும் வார் போட்டு நடத்திக்கொண்டு போங்கோ" எண்டு வீடியோ வீடியோவா அனுப்புவாள். பிள்ளை சொல்லுறாள் எண்டு ஒருநாள் கூட்டிக்கொண்டு போனன். வார் என்ர ரெண்டு காலையும் சேத்துச் சுத்தி, மீன் வாடிக்கு முன்னால நான் குப்புற விழுந்தன். வலையில மீன் கழட்டிக்கொண்டு இருந்த சனம் முழுக்க எழும்பி நிண்டு சிரிச்சுது. "அக்கா, ஆர் ஆரைக் கூட்டிக்கொண்டு போறது?" எண்டு ஒருத்தன் கேட்டான். அண்டையோட வாரைக் கழட்டிக் கொடியில போட்டிட்டன்.

உதெல்லாம் பொறுக்கலாம். பொறுக்க ஏலாதது செருப்பு. ஊரில ஆற்ற வீட்டு வாசலில செருப்புக் கிடந்தாலும் ஒண்டைத் தூக்கிக்கொண்டு வந்திடும். சோடியா எடுத்தால் ஆரும் போட்டுக்கொண்டெண்டாலும் திரியலாம், ஒண்டை வைச்சு என்ன செய்யிறது? விடிஞ்சால் எங்கட முருங்கைக்குக் கீழ ஆக்கள் வந்து நிண்டு தங்கட தங்கடதைத் தெரிஞ்செடுத்துக்கொண்டு போவினம். சில பேர் எனக்குப் பேசிப்போட்டுப் போவினம், சில பேர் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவினம்.

எல்லாரும் பேசினவைதான். ஆனா நாயை ஊரை விட்டே கலைக்க வேணும் எண்டு ஒற்றைக் காலில நிண்டவர் ஒரே ஒரு ஆள், வேலிக்கு அங்கால வீட்டு அண்ணை. அரசாங்கக் கச்சேரியில வேலை செய்து பென்சன் எடுத்தவர், கோயில் பங்குச் சபையில பெரிய ஆள். அவருக்கு நாயின்ர பேரே பிடியாது. அந்தப் பேரை நான் இதில எழுதமாட்டன். ஏனெண்டால் நாங்கள் அதுக்குப் பேர் வைச்சுக் கனகாலத்துக்குப் பிறகு அண்ணைக்குச் சுவிசில ஒரு மருமகன் வாய்ச்சார், அந்தப் பெடியனுக்கும் அதே பேர். நான் குசினி வாசலில நிண்டு பேரைச் சொல்லி, "டேய், குப்பைக்குள்ள இருந்து வாயை எடடா சனியனே" எண்டு கத்தினால், அண்ணை சாப்பிட்ட கையோட வேலிக்கு வந்து முழுசுவார்.

"தங்கச்சி, பேரை மாத்துங்கோவன்."

"அண்ணை, நாய் முதலே வந்திட்டுது. மருமகன் பிறகு வந்தவர்."

அதோட கதை நிண்டிடும். ஆனா நாய் குரைக்கிற சத்தம் தாங்க ஏலாது எண்டு அவர் முறைப்பாடு வைக்கேக்கதான் எனக்கு ஏறும். எங்கட ஒழுங்கையில பெரிய சத்தம் அவற்றதான். கறியில உப்புக் கூடினாலும் சத்தம், குறைஞ்சாலும் சத்தம். கரண்ட் போனால் அதுக்கும் மனிசிக்குத்தான் பேச்சு. அந்த அக்கா ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லமாட்டா. நாயின்ர வாய்க்குப் போட மூடி விக்கிறாங்களாம் எண்டு மகள் சொன்னவள். மனிசருக்கு அளவான சைஸில வரேல்லைப் போல.

தபசுகாலத்து வெள்ளிக்கிழமை ஒண்டு. பின்னேரம் சிலுவைப்பாதைக்கு வெளிக்கிட்டு நானும் என்ர மனிசனும் முற்றத்தில நிக்கிறம். அண்ணை வெள்ளைச் சேட்டோட, ஒரு காலில செருப்பு, மற்றக் காலில ஒண்டுமில்லாமல் படலையைத் தள்ளிக்கொண்டு வாறார். மருமகன் அனுப்பின தோல் செருப்பு. மற்றது நாயின்ர வாயில. அவர் பிடிச்சு இழுத்தார், அது விளையாட்டெண்டு நினைச்சுத் திருப்பி இழுத்துது. அண்ணைக்குக் கோவம் வந்து வயித்தில விட்டார் ஒரு உதை. அடுத்த நிமிசம் அவற்ற கெண்டைக்காலில பல்லு.

ரத்தம் கொஞ்சம்தான். சத்தம்தான் கூட. "இந்த நாய் இண்டைக்கே இஞ்ச இருந்து போக வேணும்! இல்லாட்டி நான் பொலிசுக்குப் போவன்!" நான் சவுக்காரமும் தண்ணியும் கொண்டோடி வந்து காயத்தைக் கழுவப் பாத்தன், காலைத் தொட விடேல்லை. ஆஸ்பத்திரிக்குப் போவம் எண்டன், அதுக்கும் பேச்சு. சேட்டுப் பையில கிடந்த லேஞ்சியால ஒரு கட்டைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போயிட்டார். அக்கா பின்னால போனா. நானும் போனன், மனிசன் மட்டும் நாயைக் கட்டிப்போட்டு வாறன் எண்டு நிண்டிட்டார்.

என்ர மனிசன் கடலில பயப்பிடாத ஆள். கரையில ஆராவது பெரிய ஆக்கள் குரலை உயத்தினால் காணும், கையும் காலும் தன்ர பாட்டில வேலை செய்யத் துவங்கிடும். நான் கோயிலால வந்து பாத்தால் நாயும் இல்லை, மீன் பெட்டியிலயும் ஒண்டு குறையுது.

"எங்க நாய்?"

"பெட்டிக்குள்ள விட்டுக் கூலர் லொறியில ஏத்தி விட்டனான். பளைச் சந்தையில இறக்கி விடச் சொன்னனான்."

இது அவர் கண்டுபிடிச்ச வழியில்லை, எங்கட ஊர் வழக்கம். பேர் கெட்டுப்போன நாயைக் கொண்டால் பாவசங்கீர்த்தனத்தில சொல்ல வேணும். யாழ்ப்பாணம் போற மீன் லொறியில ஏத்தி, வழியில பளையில இறக்கி விட்டால் சொல்லத் தேவையில்லை. சந்தையில இறைச்சிக்கடை இருக்கு, பிழைச்சிடும் எண்டு நெஞ்சைத் தேற்றிக்கொள்ளலாம். பளையாக்கள் தங்கட நாயளை எங்க விடுறவை? எங்கட சந்தையிலதான். லொறி திரும்பி வெறுமையாத்தானே வருது.

நான் அண்டைக்கு அந்த மனிசனுக்குச் சோறு போடேல்லை. எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒண்டா வந்துது. கள்ளனுக்கு வாலாட்டினாலும் அது என்ர நாய். மகளும் போனதுக்குப் பிறகு அந்த வீட்டில என்ர முகத்தைப் பாத்துச் சந்தோசப்பட்டது அது ஒண்டுதான். அதை எழுத எனக்கொரு வெக்கமும் இல்லை.

அடுத்தநாள் மத்தியானம் படலையில ஒரு சத்தம். சத்தமெண்டு சொல்ல ஏலாது, முனகல்.

"தங்கச்சி... நாய் நிக்குதோ?"

அண்ணை. முகம் வெளிறிப் போய், ஒரு கையால படலையைப் பிடிச்சபடி. பின்னால அக்கா. காலமை அக்கா விடாப்பிடியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறா. நாய் எங்க எண்டு டொக்டர் கேட்டிருக்கிறார். அண்ணை நெஞ்சை நிமித்திக்கொண்டு, "அதை அகற்றியாச்சு" எண்டிருக்கிறார். அப்ப விசர்நாய் எண்டு நினைச்சுத்தான் வைத்தியம் செய்ய வேணும், காயத்தைச் சுத்தியும் ஊசி, பிறகும் வந்து வந்து ஊசி எண்டு டொக்டர் சொல்லியிருக்கிறார். நாய் கிடைச்சால் கட்டி வைச்சு ரெண்டு கிழமை பாருங்கோ, அது சுகமா இருந்தால் மிச்ச ஊசியை நிப்பாட்டலாம் எண்டாராம். முதல் ஊசிக்கே அண்ணை மயங்கி, நேர்ஸ் மிஸ் ரெண்டு பேர் பிடிச்சுப் படுக்க வைச்சவை எண்டு அக்கா சொன்னா. சொல்லேக்க அக்காவின்ர வாய் கொஞ்சம் கோணினது. சிரிப்போ எண்டு நான் வடிவாப் பாக்க முதல் மறைஞ்சிட்டுது.

"அதுக்கு ஊசி போட்டதுதானே, தங்கச்சி?"

"போன வருசம் போட்டது. இந்த முறை ஊசிக்காரரைக் கண்டிட்டுக் களப்புக்குள்ள இறங்கி ஓடிட்டுது. அதுக்கும் ஊசியெண்டால் பயம், அண்ணை."

அவர் படலையை விட்டிட்டுக் கிட்ட வந்தார். கையெடுத்துக் கும்பிடாத குறை. "பளைக்குப் போவம். அது உம்மட குரலுக்குத்தான் வரும்."

ஓட்டோ ஒண்டு பிடிச்சு நாங்கள் நாலு பேரும் நெருக்கிக்கொண்டு போனம். அக்கா வழி முழுக்க அந்தோனியாரை வேண்டிக்கொண்டு வந்தா. துலைஞ்ச சாமான் எல்லாத்துக்கும் அவர்தானே பொறுப்பு. பரந்தன் சந்தி திரும்ப அண்ணைக்குத் தொண்டை வறண்டு போச்சு. தண்ணிப் போத்திலைக் குடுத்தன். அதை வாங்கிப் பாத்திட்டு, "தங்கச்சி, விசர் வந்தால் தண்ணியைக் கண்டு பயப்பிடுவினமாம், என்ன?" எண்டு கேட்டிட்டு, ஒரு மிடறு குடிச்சு, தனக்குப் பயமில்லை எண்டு கண்டு, முழுப் போத்திலையும் குடிச்சு முடிச்சார்.

பளைச் சந்தையில நாய்க்குக் குறைவில்லை. சொறி நாய், நொண்டி நாய், மீன்கடைக்குக் கீழ வரிசையாப் படுத்திருக்கிற நாய். எங்கட ஊர் நாயள் ரெண்டு மூண்டை எனக்கே அடையாளம் தெரிஞ்சுது. என்ரயைக் காணேல்லை.

"கூப்பிடும் தங்கச்சி," எண்டார் அண்ணை.

எனக்குள்ள இருந்த ஆத்திரம் முழுக்க அப்பதான் வெளியால வந்துது. "நீங்கள் கூப்பிடுங்கோ அண்ணை. உங்களுக்குத்தானே தேவை."

அவர் அங்கயும் இஞ்சயும் பாத்தார். பிறகு தன்ர மருமகனின்ர பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். முதல் மெதுவா. "கேக்காது அண்ணை, சத்தமாக் கூப்பிடுங்கோ" எண்டன். அவர் கூப்பிட்டார். பேர் சொல்லி, வாடா எண்டு, பேந்து வாடா ராசா எண்டு. வாழைக்குலைக்காரரும் மீன்காரரும் வேலையை விட்டிட்டுப் பாக்கினம். "ஐயா, பெடியன் துலைஞ்சு போனானோ? எத்தினை வயது?" எண்டு ஒரு மனிசி உருகிப் போய்க் கேட்டா. என்ர மனிசன் மற்றப்பக்கம் திரும்பி நிண்டு குலுங்கினார்.

அப்பதான் இறைச்சிக்கடைக்குப் பின்னால இருந்து வந்துது, வாயில ஆற்றயோ றப்பர் செருப்பு ஒண்டோட. என்னிட்ட வரும் எண்டு கையை விரிச்சன். நன்றி கெட்ட சனியன் என்னைத் தாண்டி நேர அண்ணையிட்டப் போய், செருப்பை அவற்ற காலடியில போட்டிட்டு நிண்டு வாலாட்டுது. மன்னிப்புக் கேட்டதோ, இன்னும் ஒருக்கால் இழுத்து விளையாடக் கேட்டதோ தெரியாது. அண்ணை ரெண்டு கையையும் மேல தூக்கிக்கொண்டு நடுங்கினார். நான் சந்தை நடுவில குந்தி அதின்ர கழுத்தைக் கட்டிப்பிடிச்சு அழுதன்.

பிறகு வந்தது ராச மரியாதை. எங்கட முற்றத்தில நாய் சங்கிலியில கிடக்க, அண்ணை விடியக்காலமையே பேக்கரிப் பணிசோட வந்திடுவார். அது சாப்பிடுதோ, தண்ணி குடிக்குதோ, கண் சிவந்திருக்கோ, வாயில நுரை கிரை தள்ளுதோ எண்டு குந்தியிருந்து பாப்பார். ஒருநாள் அது தும்மிப்போட்டுது. அண்ணை அண்டைக்குச் சாப்பிடேல்லையாம். குரைக்காமல் படுத்திருந்தால், "ஏன் தங்கச்சி குரைக்குதில்லை?" எண்டு வந்து நிப்பார். கோயிலில முன் வாங்கில இருந்து அவர் உருகி உருகிச் செபிச்சதைப் பாத்து, தபசுகாலத்தில எவ்வளவு பக்தி எண்டு ஃபாதரே மெச்சினவராம். என்ர நாயின்ர ஆயுசுக்காகத்தான் அந்தச் செபம் எண்டு ஃபாதருக்கு ஆர் சொல்லுறது?

வேலிக்கு அங்கால ஒரு சத்தமில்லை. முதல் நான் அதைக் கவனிக்கேல்லை. ஒருநாள் அக்கா உடுப்புக் காயப்போடேக்க வாய்க்குள்ள ஏதோ பாட்டை முணுமுணுத்தது கேட்டுது. இத்தினை வருசத்தில அவாவுக்குப் பாட்டு வரும் எண்டே எனக்குத் தெரியாது. வேலியடிக்கு வந்து, "இவர் ராத்திரிச் சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவி வைச்சவர்" எண்டா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போக ஆள் வேணுமெண்ட பயமோ என்னவோ, கறியில உப்பில்லாத அண்டைக்கும் வாய் திறக்கேல்லையாம்.

ரெண்டு கிழமை முடிஞ்சுது. நாய் கொழுத்துப் போய் நிண்டுது. ஒரு கரைச்சலும் இல்லை, இனி ஊசி தேவையில்லை எண்டு டொக்டர் சொல்லிட்டார். எங்கட படலையை இனிப்போட வந்து திறப்பார் எண்டு நான் பாத்துக்கொண்டிருந்தன். வந்தார். குரல் பழையபடி வந்திட்டுது.

"அப்ப இனி அதைக் கொண்டுபோய் விடலாம். இந்த முறை பளையில இல்லை. அங்கால ஜெயபுரம் பக்கமாப் பாருங்கோ, ஆரும் திருப்பிக் கொண்டு வரமாட்டினம்."

எனக்கு உச்சியில அடிச்சது. இவ்வளவு பணிசும் செபமும் தன்ர காலுக்குத்தான். அதுகூடப் பரவாயில்லை, என்ர மனிசன் கதிரையால எழும்பி மீன் பெட்டி கிடக்கோ எண்டு வீட்டுக் கோடிப்பக்கம் பாக்கிறார்! "அதில கை வைச்சால் நீங்களும் லொறியில ஏறுங்கோ" எண்டு நான் கத்த, "பெரிய ஆக்கள் சொல்லேக்க" எண்டு அவர் இழுக்க, "நாய்க்காக அயலைப் பகைக்கிறியளோ?" எண்டு அண்ணை குரலை உயத்த, முற்றம் சந்தையாப் போச்சு.

அப்பதான் அக்கா வந்தா. இடக்கையில லேஞ்சி சுத்திக் கட்டியிருந்தா.

"நாயை ஒருத்தரும் கொண்டு போக ஏலாது," எண்டா. "நேற்றுப் பணிஸ் குடுக்கேக்க எனக்குப் பல்லுப் பட்டிட்டுது."

அண்ணை அப்பிடியே படிக்கட்டில இருந்திட்டார். "ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் பயப்பிடுவியள் எண்டுதான்."

அவர் அவாவின்ர கையைப் பாத்தார். "நோகுதோ?" எண்டு கேட்டார். அந்தக் குரலில அவர் அக்காவோட கதைச்சு நான் கேட்டதில்லை. பிறகு எழும்பி, என்ர மனிசனிட்ட நாயை வடிவாக் கட்டி வைக்கச் சொல்லிப்போட்டு, பணிஸ் வாங்கக் கடைக்குப் போனார்.

நான் அக்காவைக் குசினிக்குள்ள கூட்டிக்கொண்டு போனன். காயத்தைக் கழுவ வேணும், ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிடுங்கோ எண்டு பதறிக்கொண்டு லேஞ்சியை அவிட்டன். கையில ஒண்டுமில்லை. ஒரு சின்னக் கீறல்கூட இல்லை.

அக்கா லேஞ்சியை வாங்கித் திருப்பி இறுக்கிக் கட்டினா.

"ரெண்டு கிழமைக்கு வடிவாப் பாரும்," எண்டா. "அது முடிய உம்மைக் கடிக்கட்டும்."