பேச்சியம்மாள் விட்டுவைத்த ஊமத்தை

சென்ற ஞாயிறு பண்டாரவளைச் சந்தையில் பூனாகலைக்காரர் ஒருவர் என் கையில் ஒரு பொட்டலத்தைத் தந்தார். "பேச்சியம்மா செத்துப் போச்சுங்க. காய்ச்சல்தான். இதை முன்னாலயே கட்டி வச்சிருந்துச்சு, ஐயாகிட்ட சேர்த்துடச் சொல்லி," என்றார். பிரிக்காமலே தெரிந்தது, காய்ந்த ஊமத்தை இலை.

பேச்சியம்மாள் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் புல்லும் களையும் வெட்டியவர். நான் அங்கே கணக்கெழுதும் கிளாக்கர். அந்நாளில் அவரை "ஏ பேச்சி" என்றுதான் கூப்பிட்டேன். இப்போது 'அவர்' என்று எழுதுவது புது மரியாதை. வாசிப்பவர்கள் ஏமாற வேண்டாம்.

மழை விட்டதும் ஊமத்தை மாட்டுப்பட்டியோரத்திலும் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் குப்பைமேட்டிலும் தானாக முளைக்கும். மாலையில் வெள்ளைப் பூ விரியும். முள்ளுக்காய் வெடித்து விதை சிந்தியதும், வெயிலில் செடி பட்டுப்போகும். ஆடுகூட வாய் வைக்காது. தோட்டத்தில் ஒரு களையும் நிற்கக்கூடாது என்பது துரையின் கட்டளை.

எனக்கோ குளிர் தொடங்கினால் இழுப்பு. ஒருநாள் ஆபீஸ் படியில் மூச்சுக்குத் தவித்தபோது, பேச்சியம்மாள் இரண்டு காய்ந்த இலையைத் தணல் சட்டியிலிட்டு என் முன் வைத்தார்.

"புகையை மட்டும் இழுங்க ஐயா. இலை வயித்துக்குள்ள போச்சுன்னா புத்தி கலங்கிரும்."

சற்று நேரத்தில் நெஞ்சு இளகியது. "குப்பைமேட்டுல நாலு செடியை விட்டுவை. தொரைகிட்ட நான் பாத்துக்கிறேன்," என்றேன். விட்டுவைத்தார்.

எங்கள் பெண்கள் கொழுந்து நிறுத்துவிட்டுத் திரும்பும் வழியில் கீரை கிள்ளுவார்கள். பகலெல்லாம் கொழுந்தெடுத்த பழக்கம். கை தானாகக் கிள்ளித் தோளுக்குப் பின்னால் கூடையில் வீசும், கண் பார்ப்பதில்லை. ராக்கு என்பவர் அப்படித்தான் குப்பைக்கீரையோடு ஊமத்தைத் தளிரையும் கிள்ளிவந்து கடைந்து சாப்பிட்டுவிட்டார். சிறிது நேரத்தில் முகம் சிவந்து, நாக்கு வறண்டு, லயத்து வாசலில் உட்கார்ந்து வெறுங்காற்றில் கொழுந்து பறித்துத் தோளுக்குப் பின்னால் வீசத் தொடங்கினார். சிலர் சிரித்தார்கள். பேச்சியம்மாள் ஓடிவந்து உப்புத் தண்ணீர் புகட்டி வாந்தியெடுக்க வைத்தார். புத்தி தெளியும்வரை இரண்டு நாள் கூடவே இருந்தார்.

துரை விசாரித்தார். "களையை ஏன் விட்டே?"

பேச்சியம்மாள் என்னைப் பார்த்தார், ஒரே ஒரு தடவை. நான் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மறந்துட்டேன் தொரை," என்றார்.

அவரை வேலைநீக்கித் தோட்டத்தை விட்டு அனுப்பிய பற்றுச்சீட்டை எழுதியது என் கைதான். எழுத்து ஒழுங்காகவே வந்திருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த மழைக்குப் பின், அவர் போய்ச் சேர்ந்திருந்த பூனாகலையிலிருந்து ஒரு பொட்டலம் வந்தது. "புகை மட்டும்தான்னு சொல்லச் சொன்னுச்சு," என்றார் கொண்டுவந்தவர். அதன்பின் ஆண்டு தவறாமல் வந்தது. நான் ஒரு வார்த்தை சொல்லியனுப்பியதில்லை. என்ன சொல்லியனுப்புவது?

இன்று தூறல். இழுப்பு வந்துவிட்டது. கடைசிப் பொட்டலத்திலிருந்து இரண்டு இலையைப் புகைத்துவிட்டுத்தான் இதை எழுதி முடிக்கிறேன். அந்தச் செடிகளை விடச் சொன்னவன் நான். நாளைக் காலைப் பெரட்டில், வேலைக்கு நிற்கும் எல்லோர் முன்னாலும், ராக்குவின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்வேன்.

போயிட்டு வாங்க, பேச்சியம்மா.